நவ்ரீனின் தலைவலி

எண்ணூர்
9 ஜூன் 2024

அண்ணனுக்கு ஜீனத் எழுதுவது.

சலாம். எவ்வளவு கோபம் இருந்தாலும் இதை எழுதாமல் தொடங்கக் கை வரவில்லை.

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். போனில் நீ கத்துகிறாய், நான் அழுகிறேன், கடைசியில் என்ன பேசினோம் என்றே இரண்டு பேருக்கும் தெரிவதில்லை. இனி எனக்கு ஏதாவது சொல்வதென்றால் எழுதி மெஹ்னாஸ் அண்ணியிடம் கொடுத்தனுப்பு. காகிதத்தில் கத்த முடியாது.

செவ்வாய்க்கிழமை உன் கடைக்கு வந்து, கறி வாங்க நின்றவர்கள் முன்னால், "இது கோழி இல்ல, வெஷம். இத்தத் தின்னுதான் எம்பொண்ணு இப்டி ஆயிட்டா" என்று சொன்னேன். இடம் பார்க்காமல் பேசியது தப்பு. பேசிய விஷயம் தப்பில்லை. நீ முழுதாகக் கேட்காமலே என்னை அனுப்பிவிட்டாய். இப்போது கேள்.

நவ்ரீனுக்கு ஏழு வயது எட்டு மாதம். மே இருபத்தொன்பதாம் தேதி பாத்ரூமிலிருந்து வந்து, "அம்மா, எனக்கு எங்கியோ அடிபட்டுகீது. ரத்தம் வருது, ஆனா வலிக்கல" என்றாள். எனக்குப் பதிமூன்று வயதில் அம்மா சொன்ன வார்த்தைகள் எதுவும் ஏழு வயதுக்குப் பொருந்தவில்லை. அவளைக் கழுவி, என் துணியை மடித்து வைத்தேன். அது அவளுக்கு எவ்வளவு பெரிதாக இருந்தது தெரியுமா?

இயற்கை உணவு பற்றி வீடியோ போடும் ஒருவர் இதை அப்படியே சொல்கிறார். ஒரு ஆள் கோழியின் தொடையில் ஊசி குத்துவதைக் காட்டுகிறார். நாற்பது நாளில் இரண்டு கிலோ எடை எப்படி வரும், அந்த மருந்து சின்னப் பெண்களின் உடம்பில்தான் இறங்குகிறது என்கிறார். வாராவாரம் வெள்ளிக்கிழமை உன் கடையிலிருந்து கறி வரும். நவ்ரீனுக்குப் பிடிக்கும் என்று கோழிக் காலை மட்டும் தனியாக எடுத்து வைப்பாய். அன்பாகத்தான் கொடுத்தாய். அதனால்தான் எனக்குத் தாங்கவில்லை.

"ஆதாரம் இன்னா கீது" என்று கேட்டாய். இங்கே உர ஆலைக் குழாயில் வாயு கசிந்து நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியபோதும் முதலில் "பயப்பட ஒன்றுமில்லை" என்றுதான் சொன்னார்கள். ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோதும் அப்படித்தான். எண்ணூரில் இருப்பவளிடம் ஆதாரம் கேட்காதே. ஆதாரம் வந்து சேருவதற்குள் நாங்கள் இருமத் தொடங்கியிருப்போம்.

இனி உன் கடைக் கறி எங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

ஜீனத்


தண்டையார்பேட்டை
14 ஜூன் 2024

ஜீனத்துக்கு,

வ அலைக்கும் சலாம். நான் எட்டாவதோடு நின்றவன். தப்பு இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

பதினெட்டு வருஷமாக இந்தக் கடை. என் பெண்கள் இரண்டு பேரும் கடையில் மிஞ்சிய கறியைத் தின்றே வளர்ந்தவர்கள். பெரியவள் பதிமூன்றில் பெரிய மனுஷி ஆனாள், சின்னவள் பன்னிரண்டரையில். உன் கணக்குப்படி அவர்கள் ஐந்து வயதிலேயே ஆகியிருக்க வேண்டும். அந்த வீடியோவில் ஊசி போடுகிறானே, அது எந்த ஊர், எந்தப் பண்ணை, என்ன ஊசி? கேட்டாயா? கோழிக்குச் சீக்கு வராமல் இருக்கப் போடும் தடுப்பூசியாகக்கூட இருக்கலாம்.

நீ சொன்னதை அன்று நாலு பேர் கேட்டார்கள். இப்போது நாற்பது பேர் சொல்கிறார்கள். பெருநாள் வாரத்தில் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். "பாய், உன் தங்கச்சியே சொல்லிட்டுப் பூட்டாங்களாமே" என்று ஒரு அம்மா கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார். பிள்ளை நல்லா சாப்பிட்டா நல்லா வளரும், இதிலென்ன இவ்வளவு கலாட்டா என்று அன்று நான் உன்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னேன்.

இவ்வளவு தைரியமாக எழுதிவிட்டேன். இனி எழுதுவது உனக்கு மட்டும். அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

நீ போனதிலிருந்து கூண்டு முன்னால் நின்று நின்று பார்க்கிறேன். இந்தக் கோழிகளால் ஒழுங்காக நிற்க முடியாது. நெஞ்சின் பாரம் தாங்காமல் கால் வளைந்து உட்கார்ந்துவிடும். பதினெட்டு வருஷமாகப் பார்க்கிறேன். ஏன் என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. லாரி வருகிறது, இறக்குகிறேன், அறுக்கிறேன், விற்கிறேன். நீ சொன்னது பொய் என்று எனக்குத் தெரியாது. பொய்யாக இருக்க வேண்டும் என்று மட்டும் தெரியும்.

பெருநாள் முடிந்ததும் பண்ணைக்கே போய்ப் பார்க்கப் போகிறேன்.

மஜீது


எண்ணூர்
30 ஜூன் 2024

அண்ணனுக்கு,

பார்த்துவிட்டு வா. ஆனால் நீ பார்க்கப் போகிறாய் என்று தெரிந்தால் அவர்கள் காட்டுவதை மட்டும்தான் காட்டுவார்கள்.

கோழியோடு முட்டையையும் நிறுத்திவிட்டேன். பாக்கெட் பால், பிஸ்கட், பிரெட் எதுவும் கிடையாது. கேழ்வரகுக் கஞ்சியும் கீரையும்தான். வீடியோக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். ஆறு மாதம் சுத்தமாக இருந்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று பதில் போட்டார்.

நவ்ரீனுக்குக் காலையில் எழுந்ததும் தலை வலிக்கிறது. இரண்டு கையாலும் நெற்றியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சில நாள் வாந்தி. வாந்தி எடுத்த பிறகு சரியாகி விளையாடப் போய்விடுவாள். அதையும் அவரிடம் கேட்டேன். "நஞ்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி, தைரியமாக இருங்கள்" என்றார். அதனால் வாந்தி எடுக்கும்போது முதுகைத் தடவிவிட்டு மனதுக்குள் அல்ஹம்துலில்லாஹ் சொல்கிறேன். சொல்லிவிட்டு அவர் போட்ட பதிலை மறுபடி எடுத்துப் படிக்கிறேன்.

என் வீட்டுக்காரர், நவ்ரீன் அத்தா, டாக்டரிடம் போகலாம் என்று சண்டை போட்டுவிட்டுத்தான் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டப் போனார். போகாமல் இல்லை. இங்கே தெருமுனை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். அந்த டாக்டரும் என்ன சொன்னார் தெரியுமா? "இப்பல்லாம் இது சகஜம்மா. பிராய்லர் கொடுக்காதீங்க" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். படித்தவரே சொல்லிவிட்டார். இதற்கு மேல் உனக்கு என்ன சாட்சி வேண்டும்?

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பத்துப் பேர் சுற்றி நின்று பார்ப்பார்கள். தெருவுக்குத் தெரிந்துவிடும். அவள் இரண்டாம் வகுப்புத்தான் முடித்திருக்கிறாள் அண்ணா.

இந்தக் காகிதத்தை அண்ணி நிற்கும்போதே எழுதுகிறேன். உள்ளே நவ்ரீன் கதவு நிலையில் இடித்துக்கொண்டு அழுகிறாள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை. கஞ்சி மட்டும் குடித்துத் தெம்பில்லாமல் போய்விட்டாள் போல.

ஜீனத்


தண்டையார்பேட்டை
11 ஜூலை 2024

ஜீனத்துக்கு,

போய் வந்துவிட்டேன். பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாதவரத்தில் லாரி ஏறினேன். ஊத்துக்கோட்டை தாண்டி இரண்டு மணி நேரம். டிரைவரோடு கோழி பிடிக்க வந்த ஆள் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். கல்யாண மண்டபம்போல நீளமான கொட்டகைகள். ஒன்றில் ஐயாயிரம் கோழி. மொத்தத்தையும் பார்த்துக்கொள்வது ஒரு புருஷன், பெண்டாட்டி. பகல் முழுக்க இருந்தேன். ஊசி யாரும் போடவில்லை. அந்த இரண்டு பேர் ஒரு கொட்டகையின் ஐயாயிரம் கோழியைப் பிடித்து ஊசி போடுவதென்றால் ஒரு வாரம் ஆகும், அதற்குள் பாதிக் கோழி மிதிபட்டுச் செத்திருக்கும். தடுப்பு மருந்தைக்கூடத் தண்ணீரில்தான் கலக்கிறார்கள்.

இன்னொன்றும் பார்த்தேன். தண்ணீர் தொட்டி பக்கத்தில் பவுடர் பாக்கெட்டுகள். அங்கே வேலை பார்க்கும் அந்த அம்மாவிடம் இது எதற்கு என்றேன். "சீக்கு வராம இருக்கவும் எடை ஏறவும், தெனம் கொஞ்சம்" என்றார். பாக்கெட்டை போட்டோ எடுத்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "இன்னா பாய் வேலை இது? கோழி வோணுமா, போட்டோ வோணுமா?" என்று என் போனைப் பிடுங்கப் பார்த்தான்.

ஊருக்கு வந்ததும் பீம்ராவ் சாரிடம் போட்டோவைக் காட்டினேன். வியாசர்பாடிக்காரர், கால்நடை டாக்டர், நம்ம கடைக்கு வருவார். அந்தப் பாக்கெட்டில் இருப்பது கோலிஸ்டின் என்ற மருந்தாம். மனுஷனுக்கு வேறெந்த மருந்தும் கேட்காதபோது கடைசியாகக் கொடுப்பதாம். கோழிக்குக் கொடுக்கக் கூடாது என்று சர்க்கார் நிறுத்திப் பல வருஷம் ஆகிறதாம். தினம் தினம் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிவிடும் என்றார். ஆனால் அது பெண்பிள்ளையைப் பெரிய மனுஷி ஆக்குகிற மருந்து இல்லை. கோழி சீக்கிரம் வளர்வது அறுபது எழுபது வருஷமாகப் பொறுக்கி எடுத்த ஜாதியால், தீவனத்தால். அதை அடித்துச் சொன்னார்.

பிறகு, "யாருக்காக இவ்ளோ கேக்குற?" என்றார். சொன்னேன்.

"பொண்ணுக்கு இன்னா வயசு?"

"ஏழு, சார்."

"பத்து இல்ல? ஏழா?" என்று எழுந்துவிட்டார். தலைவலி, வாந்தி, இடித்துக்கொள்வது எல்லாவற்றையும் கேட்டார். "மஜீது பாய், நான் மாட்டு டாக்டர். எங்கிட்ட கோழியப் பத்திக் கேட்டுகினு நிக்காத. அந்தக் கொழந்தைய நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போ. தலைய ஸ்கேன் பண்ணணும்" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். ஜீனத், கோழிச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அழைத்துப் போ.

மஜீது


எண்ணூர்
19 ஜூலை 2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நீ கோழி விற்கிறவன். அவர் கோழிக்கு வைத்தியம் பார்க்கிறவர். பண்ணைக்காரன் வண்டியிலேயே போய்ப் பண்ணையைப் பார்த்திருக்கிறாய். எல்லாரும் ஒரே கூண்டுக்குள் நின்றுகொண்டு "ஒன்றுமில்லை" என்றால் நான் எப்படி நம்புவது? தலையை ஸ்கேன் செய்ய வேண்டும் என்கிறாய். வயிற்றில் போனதற்குத் தலையில் ஏன் தேட வேண்டும்?

நானே கணக்கெடுக்கப் போகிறேன். இந்தத் தெருவிலும் அடுத்த இரண்டு தெருவிலும் பெண்பிள்ளைகளுக்குத் துணி தைப்பது நான்தான். எந்த வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள், எந்தப் பெண் எப்போது பெரியவளானாள் என்று எனக்குச் சொல்லாத அம்மா கிடையாது. முடித்துவிட்டு உனக்கு அனுப்புகிறேன். அப்புறம் நீயும் உன் டாக்டரும் என்ன சொல்கிறீர்கள் பார்ப்போம்.

21 ஜூலை

மேலே உள்ளதை அனுப்பவில்லை. அதைக் கிழிக்கவும் தோன்றவில்லை.

இருபத்திமூன்று வீடு போனேன். மூன்று வருஷத்தில் பெரியவளானவர்கள் பத்தொன்பது பேர். பரோட்டாக் கடை ராமசெல்வி வீட்டில் மூன்று வேளையும் கோழிதான். அவள் பெண் பதிமூன்றில் ஆனாள். கார்குழலி வீட்டில் முட்டைகூடத் தொடமாட்டார்கள். அவள் பெண் பத்தரையில் ஆகிவிட்டாள். கோழி தின்றவர்களையும் தின்னாதவர்களையும் பிரித்துப் பிரித்து எழுதிப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் கோழிக்கு எதிராக வரவில்லை.

அதற்காகப் பயப்படவில்லை அண்ணா. பத்தொன்பது பேரில் மிகச் சின்னவளுக்குப் பத்து வயது. ஏழு ஒருத்தியும் இல்லை. எட்டு இல்லை, ஒன்பது இல்லை. நவ்ரீன் மட்டும் தனியாக நிற்கிறாள்.

அப்புறம் என் அளவு நோட்டை எடுத்தேன். ஒவ்வொரு பெருநாளுக்கும் எல்லாப் பிள்ளைகளின் கவுன் நீளமும் அதில் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு இஞ்ச், ஒன்றரை இஞ்ச். நவ்ரீன் போன பக்ரீதுக்கு இருபத்தைந்து, இந்தப் பக்ரீதுக்கு இருபத்தொன்பது. நான்தான் டேப் பிடித்தேன், நான்தான் எழுதினேன். கோழியைத் திட்டி எழுத நேரமிருந்தது, இதைப் பார்க்க நேரமில்லை.

அவள் கதவில் இடித்துக்கொள்வது ஞாபகம் வந்து, இன்று அவளை வாசலில் நிற்க வைத்து முன்னால் உட்கார்ந்தேன். "என் மூக்கையே பாரு" என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் கையைத் தூக்கினேன். "கை எங்கே?" என்றேன். "நீ கையத் தூக்கவே இல்லியே அம்மா" என்றாள்.

நவ்ரீன் அத்தாவின் வண்டி காட்டுப்பள்ளி துறைமுக வரிசையில் நிற்கிறது, நாளை மறுநாள்தான் வருவார். நீ வா.

ஜீனத்


தண்டையார்பேட்டை
21 ஜூலை, மாலை

ஜீனத்,

அண்ணி உன் கடிதத்தைக் கையோடு கொண்டுவந்து கொடுத்தாள். பதிலைப் போனில் சொல்லலாம் என்றால், என் நம்பரை இன்னும் பிளாக்கில் வைத்திருக்கிறாயா தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு வாசலில் இருப்பேன். அளவு நோட்டையும் எடுத்து வை. டாக்டரிடம் காட்டலாம். குழந்தைக்கு வெறும் கஞ்சி வேண்டாம், எது கேட்டாலும் கொடு.

மஜீது


ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி
29 ஜூலை 2024

அண்ணா,

வார்டுக்குள் ஆம்பளைகளை விடமாட்டேன் என்கிறார்கள். இங்கே போனில் பேசினால் நவ்ரீன் கேட்டுவிடுவாள். அதனால் பழையபடி காகிதம்.

ஸ்கேன் வந்துவிட்டது. மூளைக்கு அடியில், கண்ணுக்குப் போகும் நரம்பின் மேல், ஒரு நீர்ப்பை. பிறந்ததிலிருந்தே இருந்திருக்கலாமாம், கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்திருக்கிறது. உடம்பை எப்போது பெரியதாக்க வேண்டும் என்று சொல்கிற இடம் அங்கேதான் இருக்கிறதாம். அதை அழுத்தி அழுத்தி எழுப்பிவிட்டது. தலைவலியும் வாந்தியும் அதனால்தான். கேன்சர் இல்லை என்று மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

டாக்டரம்மா அளவு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவ்வளவு தெளிவா யாரும் கொண்டுவந்து கொடுத்ததில்ல" என்றார். "எப்ப இருந்து தலைவலி?" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். ஏன் அப்போதே வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் வாந்தி எடுத்தபோதெல்லாம் நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னேன் அண்ணா.

நாளை மறுநாள் மூக்கு வழியாகவோ மண்டையில் சின்னத் துளை போட்டோ குழாய் விட்டு அந்தப் பையைத் திறந்துவிடுவார்களாம். எந்த வழி என்று நாளைக்குச் சொல்வார்கள். நவ்ரீன் அத்தா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நீ சாப்பிட்டாயா? கேட் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாய் என்று அண்ணி சொன்னாள்.

ஜீனத்


ஆஸ்பத்திரி கேட்
6 ஆகஸ்ட் 2024

ஜீனத்,

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று சந்தோஷப்பட்ட வாய் மூடவில்லை, அதற்குள் இந்தக் காய்ச்சல். நூற்று நாலு. மூன்று நாளாகப் போடும் மருந்துக்குக் கிருமி மசியவில்லை என்று டாக்டரம்மா மாடிப்படியில் நின்று சொன்னார். உன்னிடமும் சொல்லியிருப்பார்.

நீ அவள் பக்கத்தில் இருக்கிறாய். உன்னிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று மதியம் முழுக்க யோசித்தேன். நீ ஒருநாள் வேறு யாரிடமாவது கேட்டு அறிவதைவிட நானே சொல்கிறேன்.

ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வா என்று நர்ஸம்மா ஒரு சீட்டுக் கொடுத்தார். வேறெதுவும் கேட்காததால் கடைசி மருந்து என்றார். கடைக்கு ஓடும்போது படித்தேன். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஆனால் அந்தப் பெயரை எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கவில்லை. என் போனில் போட்டோவாக இருக்கிறது. பண்ணையில் தண்ணீர் தொட்டி பக்கத்தில் பார்த்தேனே, அதே பெயர்.

மருந்துக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு பெரியவர் தண்ணீர் கொடுத்தார்.

மருந்தைக் கொடுத்துவிட்டு டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "இது என் கோழியால வந்துச்சாம்மா?" என்று கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆஸ்பத்திரியிலயே இருக்குற கிருமியா இருக்கலாம். மனுஷங்களும் தும்மினா மாத்திரை, இருமினா மாத்திரைன்னு முழுங்குறோம். கோழிப் பண்ணையும் ஒரு காரணம். இந்தக் குழந்தைக்கு எது வந்து சேர்ந்ததுன்னு பிரிச்சுச் சொல்ல என்கிட்ட சோதனை இல்ல" என்றார். "இந்த மருந்து கேக்குமா?" என்றேன். "கேக்கும்னு நெனைக்கிறேன். ரெண்டு நாள்ல தெரியும்."

ஜூலையில் அந்தப் பாக்கெட்டைப் பார்த்த பிறகும் அதே பண்ணைக் கோழியைத்தான் விற்றேன். ஊசி இல்லை, ஹார்மோன் இல்லை, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். மற்றது வேறு விஷயம் என்று ஒதுக்கி வைத்தேன்.

என்னால்தான் என்று சொன்னால் பொய். என்னால் இல்லை என்று சொன்னாலும் பொய். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். கேட்டை விட்டுப் போகமாட்டேன்.

மஜீது


மூன்றாவது மாடி
7 ஆகஸ்ட் 2024

அண்ணா,

படித்தேன். படித்ததும் உன்னைத் திட்ட வாய் வந்தது உண்மை. ஜூன் மாதமாக இருந்தால் இறங்கி வந்து கேட் முன்னால் கத்தியிருப்பேன். ஆனால் ஒரு தடவை தெரியாததைத் தெரிந்ததாக நினைத்து என் பிள்ளையின் இரண்டு மாதத்தைத் தொலைத்தேன். மறுபடியும் செய்யமாட்டேன். எனக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. காலையில் நூற்று நாலு. இப்போது நூற்று மூன்றரை. இது குறைந்ததா, இல்லை நர்ஸம்மா மாற்றிப் பிடித்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் தூக்கத்தில் பள்ளிக்கூடத்துப் பாட்டை முனகுகிறாள். ஒரே வரியைத் திரும்பத் திரும்ப.

நீ அழாதே. தொழுதுவிட்டு வா. அங்கேயே இரு.

ஜீனத்


தண்டையார்பேட்டை
30 ஆகஸ்ட் 2024

ஜீனத்துக்கு,

சலாம். நேற்று உங்கள் வீட்டில் நவ்ரீன் என் மடியில் உட்கார்ந்து இட்லி தின்றதைப் பார்த்துவிட்டு வந்தும், காய்ச்சல் இறங்கிய அந்த ஒன்பதாம் தேதியைத்தான் மனம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் முன்னால் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அந்தப் போட்டோவோடு, நான் பார்த்ததை அப்படியே எழுதி உணவுப் பாதுகாப்பு ஆபீஸில் கொடுத்துவிட்டேன். பீம்ராவ் சார் வார்த்தைகளைச் சரி செய்து கொடுத்தார். "ஹார்மோன்னு ஒரு வார்த்தை எழுதாத. நீ பாக்காதத எழுதினா, பாத்ததையும் சேத்துத் தூக்கிப் போட்டுடுவான்" என்றார். பெயர், கடை விலாசம் எல்லாம் போட்டுக் கையெழுத்து வைத்தேன். வாங்கிக்கொண்டதற்கு முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். பார்ப்பார்களா என்று தெரியாது.

பண்ணைக்காரனுக்கு அது எப்படியோ போய்விட்டது. லாரி நின்றுவிட்டது. அவன் ஆள் ஒருத்தன் கடைக்கு வந்து, டீ வாங்கிக் குடித்து, சிரித்துக்கொண்டே, "உம் பேரு மட்டுந்தான் பாய் அதுல கீது. யோசிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். பக்கத்துக் கடை தமீம், "எல்லாரும் பொழைக்கிற பொழப்புல நீ ஏன் மண்ண அள்ளிப் போடுற?" என்று கேட்டு, பேச்சை நிறுத்திக்கொண்டான். கடைக்குள் யாராவது புதியவர் நுழைந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைப் பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

ஆறு நாள் ஷட்டர் திறக்கவில்லை. இப்போது வேறொரு பண்ணையிலிருந்து எடுக்கிறேன். அந்த மருந்து தருவதில்லை என்று அந்தப் பண்ணைக்காரர் எழுதிக் கொடுத்திருக்கிறார். எழுதிக் கொடுத்தது உண்மையா என்று போய்ப் பார்க்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதாது போல. அடிக்கடி போக வேண்டியிருக்கும்.

மஜீது


எண்ணூர்
20 செப்டம்பர் 2024

அண்ணனுக்கு,

சலாம். தினமும் போனில் பேசிக்கொள்கிறோம். ஆனாலும் சில விஷயம் போனில் சொல்ல வருவதில்லை. அதனால் இது.

கண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. வலது பக்கம் நன்றாகத் திரும்பி வந்திருக்கிறது. இடது கண்ணில் வெளிப்பக்கம் வரவில்லை. நரம்பு நெடுநாள் நசுங்கிக் கிடந்துவிட்டது, இனி வராது என்று சொன்னார்கள். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் வந்திருக்குமா என்று கேட்டேன். "தெரியாதும்மா" என்றார் டாக்டரம்மா. ஆறுதலுக்காக "வந்திருக்காது" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

வீடியோக்காரருக்கு நடந்ததை முழுதாக எழுதிப் போட்டேன். திட்டவில்லை. வாந்தியும் தலைவலியும் இருந்தால் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரத்தில் அதை அழித்துவிட்டு என்னையும் பிளாக் செய்துவிட்டார். இன்று காலை புது வீடியோ போட்டிருக்கிறார். முப்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். அதில் எத்தனை பேர் வீட்டில் பிள்ளை தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதோ.

நேற்று அவளுக்கு ஊசி. எழுந்துவிட்ட அந்த இடத்தை மறுபடி தூங்க வைக்க மாதம் ஒரு ஊசி, இன்னும் மூன்று நாலு வருஷத்துக்கு. என்ன ஊசி என்று கேட்டேன். ஹார்மோன் மாதிரிச் செய்த மருந்து என்றார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் நவ்ரீனைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவிடலாம் என்றிருந்தது. ஓடவில்லை. உட்கார்ந்து கேட்டேன். எத்தனை வருஷமாகக் கொடுக்கிறார்கள், எத்தனை பிள்ளைகளுக்கு, எலும்பு என்ன ஆகும், நிறுத்தினால் என்ன ஆகும், பிற்பாடு அவளுக்குப் பிள்ளை பிறக்குமா. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டு கேள்விக்கு, "இதுல இன்னும் முழுசாத் தெரியாது" என்றார்.

வீடியோக்காரர் ஒரு தடவைகூட அப்படிச் சொன்னதில்லை அண்ணா. எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் இருந்தது. அதைத்தான் நான் நம்பினேன்.

நவ்ரீனின் காலை நான்தான் பிடித்துக்கொண்டேன். ஊசி உள்ளே போகும்போது என் கண்ணையே பார்த்தாள். நான் செய்வது சரிதானா என்று எனக்கு அப்போதும் பயமாக இருந்தது. இப்போதும் இருக்கிறது. பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

அடுத்த ஊசி அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. அவள் அத்தாவுக்கு அன்று வண்டி இருக்கிறது. நீ கடையை அண்ணியிடம் விட்டுவிட்டு எட்டு மணிக்கு வந்துவிடு. ரோட்டில் லாரி வருவது அவளுக்கு அந்தப் பக்கம் தெரியாது. நடக்கும்போது நீ அவளுக்கு இடது பக்கம் வா.

ஜீனத்